வேலை இடத்தில் உட்கார்ந்து கதை பேசினால் அனுபவம் கைமாறுமா?

வாரம் ஒரு நாள் எல்லாரையும் உட்காரவைத்து வேலை அனுபவங்களைக் கதையாகச் சொல்லவைக்கப் போகிறார்கள், இதில் பயன் உண்டா, நேரம்தான் வீணா என்று கேட்டிருக்கிறீர்கள். ஹெச்.ஆரிலிருந்து மெயில் வந்திருக்கும், சீனியர்கள் முகம் சுளித்திருப்பார்கள். பயன் உண்டு. ஆனால் மேனேஜர் நோட்டோடு வந்து உட்கார்ந்தால் கிடையாது.

திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில் 18 வருடம் மெயின்டனன்ஸ் பார்த்தேன். ஐப்பசி மழை தொடங்கினால் நூல் நூற்கும் மெஷினான ரிங் ஃபிரேமில் லேப்பிங் வந்துவிடும். பஞ்சு ரோலரில் சுற்றிக்கொள்ளும், நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதுவும் கடைசி நாலு ஃபிரேமில்தான் அதிகம். ரோலரை மாற்றுவோம், நூல் ஓடும் சின்னக் கம்பி வளையமான டிராவலரை மாற்றுவோம், விடிந்துவிடும்.

எங்கள் சீனியர் ஃபிட்டர் அண்ணன் நைட்டில் இருந்தால் மட்டும் இந்தத் தொல்லை இருக்காது. லாக் புக்கில் "சரி செய்யப்பட்டது" என்று மட்டும் எழுதுவார். அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி ஆபீஸிலிருந்து ஒரு ஃபாரம் வந்தபோது வெறுமனே திருப்பிக் கொடுத்தார். மறைக்கிறார் என்று பேசினார்கள். மறைக்கவில்லை. எதை எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை ஷிப்ட் மாறும் நேரத்தில் ஃபிட்டிங் ரூமுக்குப் பின்னால் டீயோடு அரை மணி நேரம் உட்கார ஆரம்பித்தோம். இரண்டு வாரம் யாரும் வாய் திறக்கவில்லை. மூன்றாவது வாரம் நான் செய்த தப்பைச் சொன்னேன். கவுன்ட், அதாவது நூலின் பருமன், மாற்றியபோது ஒரு ஃபிரேமுக்குத் தப்பு நம்பர் டிராவலர் போட்டுவிட்டு, வெளியே சொல்லாமல் இருந்த கதை. "இதென்ன தம்பி, நான் ஒரு நாள் பட்டதைக் கேளு" என்று அண்ணன் ஆரம்பித்தார்.

ஒரு மழை ராத்திரி எல்லாரும் ரோலரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அவர் மூச்சு விட வெளியே வந்திருக்கிறார். ஆலைக்குள் ஈரப்பதத்தைச் சரியாக வைக்கும் ஹியூமிடிட்டி பிளான்டில், வெளிக்காற்றை உள்ளே விடும் கதவான டாம்பர் திறந்தே கிடந்தது. மழை ஈரமெல்லாம் அந்தக் கடைசி ஃபிரேம்கள் மேல் இறங்கியிருக்கிறது. ஈரப்பத மீட்டர் தொங்குவதோ நடுத்தூணில், அது வழக்கம்போல 58 சதவீதம் என்றே காட்டிக்கொண்டிருந்தது. டாம்பரை மூடி, தண்ணீர் பம்பை நிறுத்தி, உள்காற்றையே சுற்றவிட்டிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் லேப்பிங் அடங்கிவிட்டது.

பக்கத்தில் நின்ற சைடர் அக்கா ஒருவர், ஃபிரேமில் அறுந்த நூலை ஒட்டுபவர், "அன்னைக்கெல்லாம் ரோவிங்கைத் தொட்டாலே கையில ஒட்டும் சார். எங்களை யாரு கேட்டா?" என்றார். ரோவிங் என்றால் நூலாவதற்கு முந்தைய பஞ்சுத் திரி. எட்டு மணி நேரமும் ஃபிரேமைப் பார்ப்பவர் அவர். அதுவரை ஒருவரும் அவரைக் கேட்டதில்லை. உங்கள் இடத்திலும் அப்படி ஒருவர் இருப்பார், அவரையும் கூப்பிடுங்கள்.

இதைக் கேள்விப்பட்டு அடுத்த வாரம் மேனேஜர் வந்தார். "டாம்பரைத் திறந்து போட்டது யார்?" என்று கேட்டார். அதற்கடுத்த வாரம் டீ குடித்துவிட்டு எல்லாரும் கலைந்தார்கள். நேரில் போய் எடுத்துச் சொன்ன பிறகு அவர் வருவதை நிறுத்திக்கொண்டார். அதை அவருடைய பெருந்தன்மை என்றே சொல்வேன்.

டீக்கடைப் பேச்சை அறிவு என்கிறாயா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்ப்பவர்களோடு 1980களில் கூடவே சுற்றிய ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர் கண்டதும் இதையேதான். மேனுவலில் இல்லாத பழுதுகளை அவர்கள் சாப்பிடும்போது பேசிய கதைகளில்தான் கற்றுக்கொண்டார்கள். பின்னால் அந்தக் கம்பெனி அவர்களுடைய குறிப்புகளை, சொன்னவர் பெயரோடு கம்ப்யூட்டரில் சேர்த்தது. எழுதி வைப்பதற்கு நானும் எதிரி இல்லை. நாங்களும் அண்ணன் பெயர் போட்டுத்தான் பிளான்ட் கதவில் ஒட்டினோம். பழைய மெஷின் கதை புது மெஷினுக்குப் பொருந்தாமல் போவதும் உண்டு, சோதித்துவிட்டு ஒட்டுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த அண்ணன் 31 வருட சர்வீஸ் முடித்து 58 வயதில் ஓய்வு பெற்றார். கிராஜுவிட்டியை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று அப்போது இருந்த 1972ஆம் வருடச் சட்டம் சொன்னது. அவருக்கு ஏழு மாதம் ஆனது. நடந்து நடந்து செருப்பு தேய்ந்தது. மகள் கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கினார். அந்த ஏழு மாதத்துக்குள் ஓர் ஐப்பசியும் வந்தது. நைட் ஷிப்ட் பையன்கள் ராத்திரி ரெண்டு மணிக்கு அவருக்குத்தான் போன் போட்டார்கள். எடுத்துப் பேசி, டாம்பரைப் பார்க்கச் சொன்னார்.