மூன்றாவது கட்டத்தில் என்ன எழுதுவது?

அன்புள்ள ஐயா,

தேவகோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் மாமனார் வழி வீடு. வருடத்தில் ஒருமுறை, முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கு மட்டும்தான் திறக்கிறோம். கூரை ஒழுகுவதால் அறைகளை ஒழித்துவிடலாம் என்று பங்காளிகள் முடிவு செய்து, சாமான் கீமான் எல்லாவற்றுக்கும் பட்டியல் எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். பெயரும் எண்ணிக்கையும் எழுதிவிட்டேன். மூன்றாவது கட்டம், எதற்கு ஆகும் என்பது. மூடி இல்லாத எனாமல் தூக்கு, சங்கிலி அறுந்த தொங்குவிளக்கின் கண்ணாடி, பர்மாப் பத்திரக் கட்டு, யாருக்கும் படிக்கத் தெரியாத பேரேடுகள், ஒரு சாக்கு நிறைய கல்யாணப் பத்திரிகைகளும் நோட்டீஸ்களும். இவற்றுக்கு என்ன எழுதுவது? கணவரின் சித்தப்பா “வீண் என்று போடு” என்கிறார். மகள் “வேஸ்ட்” என்கிறாள். மாமியார் “சும்மா கிடக்கிறது என்று எழுது” என்கிறார். நான் “உபயோகமற்றவை” என்று எழுதி, மனம் ஒப்பாமல் அடித்துவிட்டேன். சரியான சொல் எது?

ஒரு வாசகி

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு,

இந்த ஒரு விஷயத்தில் தமிழுக்குப் பஞ்சமே கிடையாது. வீண், வெட்டி, தண்டம், விருதா, பதர், சொத்தை, விழல், உதவாக்கரை, வெற்றுவேட்டு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். எல்லாம் திட்டுவதற்கு வாகான சொற்கள். பட்டியல் எழுதத்தான் ஆகாது. இவற்றில் ஒன்றுகூட எதிரே கிடக்கும் சாமானைப் பற்றிப் பேசுவதில்லை. அதனிடம் எதை எதிர்பார்த்து நாம் ஏமாந்தோம் என்பதைத்தான் பேசுகிறது.

பதர் என்பது நெல்லை எதிர்பார்த்துத் தூற்றியவன் சொன்ன சொல். பயனில்லாத பேச்சைப் பாராட்டுகிறவனை மனிதன் என்று சொல்லாதே, மக்களுக்குள் பதர் என்று சொல் என 196ஆம் குறளில் வள்ளுவர் சீறுவதும் அந்த ஏமாற்றத்தில்தான். தண்டம், பணத்தைக் கட்டிவிட்டு வந்தவனின் சொல். ‘விழலுக்கு இறைத்த நீர்’ என்று நொந்துகொண்டவன் பயிர் வைத்தவன். அதே விழலை அறுத்துக் கூரை வேய்ந்தவனைக் கேட்டிருந்தால் அவன் வேறு ஏதாவது சொல்லியிருப்பான். வெட்டியின் கதை இன்னும் வேடிக்கை. வேலையில்லாமல் திரிகிறவனை இன்று வெட்டி என்கிறோம். சோழர் காலக் கல்வெட்டுகளில் வெட்டி என்பது கூலி இல்லாமல் செய்தே தீர வேண்டிய உழைப்பு. முதுகொடிய உழைத்தவனின் சொல், திண்ணையில் காலை நீட்டிப் படுத்திருப்பவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

சித்தப்பா சொல்லும் வீணும் அப்படித்தான். விற்றால் என்ன தேறும் என்று பார்த்துச் சொல்கிறார். தவறில்லை, கணக்குப் பார்க்காத குடும்பமா உங்களுடையது? ஆனால் அது விலைக்கான கட்டத்தில் வர வேண்டிய சொல். (மகளின் வேஸ்ட்டை விட்டுவிடுவோம். அதில் ஏமாற்றம்கூட இல்லை, அவசரம்தான் இருக்கிறது.)

உங்கள் பேனா நின்றதற்கு நான் நினைக்கும் காரணம் வேறு. பயன் இல்லாதது, பொருள் இல்லாதது என்ற இரண்டையும் ஒரே கட்டத்துக்குள் அடைக்கப் பார்க்கிறீர்கள். பழைய இலக்கணக்காரர்கள் இதில் கறாரானவர்கள். நூலுக்கு ஆகாத குற்றங்களில் ஒன்றாகத் தொல்காப்பியம் ‘பொருள் இல மொழிதல்’ என்பதைச் சொல்கிறது. நன்னூலின் பத்துக் குற்றங்களில் கடைசி ‘நின்று பயன் இன்மை’. பவணந்தி முனிவர் அதைச் சொற்களைப் பற்றித்தான் சொன்னார். ஆனாலும் கானாடுகாத்தானில் முகப்பும் வளவும் இரண்டாம் கட்டுமாகத் தெருவுக்குத் தெரு நீண்டு, பூட்டுத் தொங்கும் வீடுகளைக் கடந்து போகும்போது எனக்கு அந்தத் தொடர்தான் வாயில் வருகிறது.

உங்கள் பர்மாக் கட்டுக்கு வருவோம். உங்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கீழ்ப் பர்மாவுக்குக் கடன் கொடுக்கப் போனவர்கள், உழப் போனவர்கள் அல்லர். 1930களில் நெல் விலை விழுந்தபோது கடன் திரும்பவில்லை. ஈடாக வைத்த நிலம்தான் கைக்கு வந்தது. 1937 வாக்கில் அங்கே முக்கியமான நெல் மாவட்டங்களின் சாகுபடி நிலத்தில் ஏறத்தாழ கால் பங்கு அவர்கள் பெயரில் இருந்தது. 1942இல் ஜப்பானியப் படை உள்ளே வந்தது. 1948இல் பர்மா விடுதலை அடைந்த கையோடு நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டமும் வந்தது. அந்தக் கட்டைக் காட்டி இன்று ஒரு சென்ட் நிலம் கேட்க முடியாது. பயன் என்று பார்த்தால் பூஜ்யம். பொருள்? ஏதாவது ஒரு பத்திரத்தைப் பிரித்துப் பாருங்கள். ஈடு வைத்தவரின் பெயர், நிலத்தின் அளவு, தொகை, வட்டி எல்லாம் இருக்கும். நீங்கள் தூசி தட்டிக்கொண்டிருக்கும் தேக்குத் தூண்கள் எந்தப் பணத்தில் வந்தன என்பதும், எங்கோ ஒரு பர்மிய விவசாயி எதை இழந்தார் என்பதும் ஒரே தாளில் இருக்கின்றன. இதற்கு எதிரே ‘வீண்’ என்று எழுத எனக்குக் கை வராது.

இதற்கு நேர்மாறானதும் உண்டு, உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ‘சாமான் கீமான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கீமான் என்று உலகத்தில் ஒரு பண்டமும் இல்லை, அகராதியிலும் கிடைக்காது. ஆனால் அதை எடுத்துவிட்டால் பெயர் தெரியாத திருகாணிகளும் உடைந்த கைப்பிடிகளும் அந்த வாக்கியத்தைவிட்டு வெளியே போய்விடும். பொருள் துளியும் இல்லை, வேலை மட்டும் நடக்கிறது. பாட்டில் வரும் அரோவையும் மாதோவையும் இலக்கணக்காரர்கள் குப்பை என்று பெருக்கித் தள்ளாமல், அசைநிலை என்று பெயர் கொடுத்து உட்கார வைத்தது இதனால்தான்.

பேரேடுகளுக்கு இந்த ஆராய்ச்சியே தேவையில்லை. அவை படிக்கத் தெரியாதவை, அவ்வளவுதான். தமிழ் எண்களும் பின்னக் குறிகளும் நம் கண்ணைக் கட்டுகின்றன: மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் 320இல் ஒன்று. இந்தக் குறிகளைக் கற்றுக்கொள்ள ஓர் ஓய்வான வாரம் போதும். நமக்குத் தெரியாததை எல்லாம் ஏட்டின் குற்றமாக எழுதிவைப்பது நியாயமாகப் படவில்லை.

அந்த நோட்டீஸ் சாக்கைப் பற்றித்தான் எனக்குக் கவலை. எடைக்குப் போட முதலில் அதைத்தான் தூக்குவார்கள். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ரோஜா முத்தையா, புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகைகளையும் நாடக நோட்டீஸ்களையும்கூடச் சேர்த்துவைத்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் உருவானது. உங்கள் ஊருக்கு எட்டிய தூரத்தில் நடந்த கதை இது. சாக்கை அவிழ்க்காமல் அந்த நூலகத்துக்கு முதலில் ஒரு கடிதம் போடுங்கள்.

இனி சொல். உங்கள் மாமியார் சொன்னதையே எழுதலாம் என்பது என் கட்சி. ‘சும்மா கிடக்கிறது’ என்பதில் தீர்ப்பு இல்லை. இன்றைக்கு வேலை இல்லை என்பதோடு நின்றுவிடுகிறது. வராக்கடனைத் தள்ளுபடி செய்யாமல் ஏட்டில் தொடர்ந்து காட்டும் வட்டிக்கடைக்காரரின் விவேகம் அதில் இருக்கிறது. மூன்றாவது கட்டத்தை இரண்டாகப் பிரித்து, ‘பயன்’ என்பதன் கீழே சும்மா என்று எழுதிவிட்டு, ‘விவரம்’ என்பதன் கீழே மாமியார் ஒவ்வொன்றையும் பார்த்து என்ன சொல்கிறாரோ அதை அப்படியே எழுதுங்கள். அவரிடம் கேட்பதைத் தள்ளிப்போட வேண்டாம். சித்தப்பாவுக்குப் பட்டியல் நீளுகிறதே என்று கோபம் வரும், வரட்டும்.

விளக்குக் கண்ணாடியைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் விசாரித்தால் சித்தப்பாவின் வீணுக்கு விலை தெரிந்துவிடும். எனாமல் தூக்கை மட்டும் இப்போதே எழுதிவிடாதீர்கள். அடுத்த அறைகளில் தூக்கு இல்லாத மூடி ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள். வாய் அளவு ஒத்துப்போனால் இரண்டு வரியை அடித்துவிட்டு ஒரே வரியாக எழுதிக்கொள்ளலாம்.

அன்புடன்