லைசென்ஸ் கிடைக்கவில்லை என்று திரை சொன்னால்: புதுவை, கடலூர் அலுவலகங்களின் கேள்விகளுக்குப் பதில்

புதுச்சேரியிலும் கடலூரிலுமாகப் பதினெட்டு ஆண்டுகளாக அலுவலகக் கணினிகளைப் பராமரித்து வருகிறேன். பிரிண்டர் நின்றுவிட்டது என்று அழைப்பவர்களின் குரலைவிட, லைசென்ஸ் கிடைக்கவில்லை என்று அழைப்பவர்களின் குரலில் பதற்றம் அதிகம். காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் நம்மையே வாசலில் நிறுத்தி யார் நீ என்று கேட்டால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் நான் பார்த்தவரை, இப்படி நிற்கும் இடங்களில் பெரும்பாலும் லைசென்ஸ் நன்றாகவே இருக்கிறது. கணினியின் பெயரோ முகவரியோ கடிகாரமோதான் மாறியிருக்கும். சமீபத்தில் வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தருகிறேன்.

முத்தியால்பேட்டை, கட்டட வரைபட அலுவலகம்: எட்டுக் கணினிகள், ஐந்து நெட்வொர்க் லைசென்ஸ். சர்வரை நிறுவிய நாளில் எல்லாம் ஓடியது. மறுநாள் சர்வரை அணைத்துப் போட்டதும் ஒரு கணினிக்கும் லைசென்ஸ் வரவில்லை. ஃபயர்வாலை அணைத்தால் வருகிறது. அப்படியே விட்டுவிடலாமா அண்ணா?

விடவே கூடாது தம்பி. கேள்விக்குள்ளேயே விடையை வைத்திருக்கிறீர்கள், அதைப் பிடித்துக்கொண்டு போவோம்.

ஃப்ளெக்ஸ்நெட் என்பது ஒரு சர்வரிலிருந்து பல கணினிகளுக்கு லைசென்ஸைப் பங்கிட்டுத் தரும் முறை. அந்த வகை சர்வரில் இரண்டு நிரல்கள் ஓடுகின்றன. ஒன்று எல்எம்ஜிஆர்டி. மற்றொன்று மென்பொருள் நிறுவனத்துக்கே உரிய நிரல். ஆட்டோகேட் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் என்றால் அதன் பெயர் அட்ஸ்க்ஃப்ளெக்ஸ். பத்திரப் பதிவு அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் டோக்கன் கொடுப்பவர் ஒருவர், உள்ளே பத்திரத்தைப் பதிபவர் இன்னொருவர். டோக்கன் கொடுப்பவர் வழக்கமாக 27000 முதல் 27009 வரையிலான போர்ட்டுகளில், அதாவது எண்ணிட்ட நாற்காலிகளில், ஒன்றில் உட்கார்ந்திருப்பார். உள்ளே இருப்பவருக்கு இடம் ஒதுக்காவிட்டால், சர்வர் எழும் ஒவ்வொரு முறையும் காலியாக உள்ள ஏதோ ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வார். முதல் நாள் அவர் உட்கார்ந்த போர்ட்டை நீங்கள் ஃபயர்வாலில் திறந்திருக்கிறீர்கள். மறுநாள் அவர் வேறு போர்ட்டுக்குப் போய்விட்டார்.

லைசென்ஸ் கோப்பை நோட்பேடில் திறங்கள். சர்வர் என்று தொடங்கும் வரியின் கடைசியில் 27000 என்று எழுதுங்கள். வெண்டர் என்று தொடங்கும் வரியின் முடிவில் போர்ட் என்ற சொல், சமக்குறி, பிறகு எண். ஆட்டோடெஸ்க் வழக்கத்தில் அந்த எண் 2080. சேமித்து, சர்வர் சேவையை முழுவதுமாக நிறுத்தித் திரும்பத் தொடங்குங்கள். போர்ட் மாற்றத்துக்குக் கோப்பை மறுபடி படிக்கவைக்கும் பொத்தான் மட்டும் போதாது. பிறகு ஃபயர்வாலில் அந்த இரண்டு போர்ட்டுகளையும் அலுவலகத்தின் உள் நெட்வொர்க்குக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.

கோப்பில் கை வைக்கலாமா என்று பயப்பட வேண்டாம். சர்வரின் பெயர், போர்ட் எண், நிரல் இருக்கும் பாதை ஆகியவற்றை நாமே மாற்றலாம். சர்வர் வரியில் உள்ள பன்னிரண்டு எழுத்து அடையாளத்தையும் கீழே உள்ள நீண்ட கையொப்பத்தையும் மட்டும் தொடக் கூடாது. அதில் ஓர் எழுத்து பிசகினாலும் கோப்பு செல்லாது.

வில்லியனூர், இயந்திரப் பட்டறை: ஃபெஞ்சல் புயலில் தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்து சர்வர் நனைந்துவிட்டது. மதர்போர்டு மாற்றிய பிறகு, 'தவறான ஹோஸ்ட் ஐடி' என்று வருகிறது. மறுபடியும் பணம் கட்ட வேண்டுமா?

2024 நவம்பர் 30 இரவை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. அதற்கடுத்த இரண்டு வாரங்களும் எனக்கு நனைந்த கணினிகளோடுதான் கழிந்தன. உங்கள் நிலை எனக்கு நன்றாகப் புரிகிறது ஐயா.

முந்தைய பதிலில் சொன்ன பன்னிரண்டு எழுத்து அடையாளம், நெட்வொர்க் அட்டையின் மேக் முகவரி. மதர்போர்டோடு சேர்ந்து அதுவும் மாறிவிட்டது. மென்பொருளின் கண்ணுக்கு இது வேறொரு கணினி. மென்பொருள் நிறுவனத்தின் கணக்குப் பக்கத்திலோ விற்பனையாளர் மூலமாகவோ, பழைய முகவரியையும் புதிய முகவரியையும் கொடுத்து மாற்றுக் கோப்பு கேளுங்கள். பழுதான கணினிக்கு மாற்றுக் கேட்பது அன்றாட நடைமுறைதான். சந்தாவோ பராமரிப்பு ஒப்பந்தமோ நடப்பில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அது முடிந்திருந்தால்தான் இழுபறி.

புதிய முகவரியை எடுக்கும்போது கவனம் வேண்டும். ஒரே கணினியில் வைஃபைக்கு ஒன்று, கேபிளுக்கு ஒன்று, மெய்நிகர் கணினி மென்பொருள் உருவாக்கியது ஒன்று என்று பல முகவரிகள் இருக்கும். கேபிள் செருகும், போர்டிலேயே பதிந்த அட்டையின் முகவரியைக் கொடுங்கள். யுஎஸ்பி அடாப்டரின் முகவரியைக் கொடுத்த ஓர் அலுவலகத்தில், துப்புரவு செய்தவர் அதைக் கழற்றி மேசை அறையில் வைத்துவிட்டார். அரை நாள் வேலை போயிற்று.

இன்னொன்று. கடலோர ஊரில் உப்புக்காற்று நெட்வொர்க் ஜாக்கின் உலோக முனைகளை அரித்துவிடும். சர்வரைத் தரையில் வைக்காதீர்கள், கடல் பார்த்த ஜன்னல் ஓரத்திலும் வைக்காதீர்கள்.

திருப்பாதிரிப்புலியூர், மொத்த வியாபாரக் கடை: டேலி கோல்டு (டேலி கணக்கு மென்பொருளின் பல கணினிப் பதிப்பு) வைத்திருக்கிறோம். திங்கட்கிழமை காலையில் இரண்டு கணினிகளில் மட்டும் எஜுகேஷனல் மோடு என்று வருகிறது. 1, 2, 31 தேதிகளைத் தவிர வேறு தேதியில் பில் போட முடியவில்லை.

தேதி விஷயத்தைச் சரியாகக் கவனித்திருக்கிறீர்கள் அம்மா. லைசென்ஸ் கண்ணில் படாதபோது டேலி தானாகவே மாணவர் பயிற்சி நிலைக்குப் போய்விடும். அந்த நிலையில் அந்தத் தேதிகள்தான். கணக்கு எதுவும் அழியவில்லை, பயப்பட வேண்டாம்.

மற்றக் கணினிகளில் ஓடுகிறது என்றால் லைசென்ஸ் உயிரோடு இருக்கிறது. அந்த இரண்டு கணினிகளிலும் சர்வரை ஐபி எண்ணால் குறித்திருப்பார்கள். ஞாயிறன்று ரவுட்டரை அணைத்து வைத்திருந்தால், திங்கள் காலையில் அது சர்வருக்கு வேறு எண் கொடுத்திருக்கலாம். டேலியில் லைசென்ஸ் அமைப்புப் பகுதிக்குப் போய், நெட்வொர்க் வழி லைசென்ஸ் என்ற இடத்தில் எண்ணுக்குப் பதிலாகச் சர்வர் கணினியின் பெயரையும் 9999 என்ற போர்ட்டையும் கொடுங்கள். கையோடு, ரவுட்டரில் சர்வருக்கு ஒரே எண்ணை நிரந்தரமாக ஒதுக்கச் சொல்லுங்கள். எல்லாக் கணினிகளிலும் ஒரே நேரத்தில் இப்படி வந்தால் மட்டும், சர்வரில் டேலி கேட்வே சர்வர் என்ற சேவை நின்றிருக்கிறதா என்று பாருங்கள்.

சர்வரை ஃபார்மட் செய்ய நேர்ந்தால், அதற்கு முன்பே டேலிக்குள் போய் லைசென்ஸைச் சரண்டர் செய்துவிடுங்கள். இதை மறந்துவிட்டு ஆடிட் நேரத்தில் தவித்தவர்களை மஞ்சக்குப்பத்திலேயே நாலைந்து பேரைப் பார்த்திருக்கிறேன்.

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டை: லைசென்ஸ் சர்வர் நின்றால் உற்பத்தியே நிற்கிறது. மூன்று சர்வர் வைக்கலாம் என்கிறார்கள். தேவையா?

தேவையில்லை. மூன்று சர்வர் ஏற்பாட்டில் எந்த நேரமும் குறைந்தது இரண்டு சர்வர்கள் உயிரோடு இருக்க வேண்டும். மூன்றையும் ஒரே யுபிஎஸ்ஸில், ஒரே ஸ்விட்ச்சில் மாட்டப் போகிறீர்கள் என்றால் மின்சாரம் போனால் மூன்றும் சேர்ந்தே போகும். அந்தப் பணத்தில் நல்ல யுபிஎஸ் ஒன்று வாங்குங்கள்.

அரியாங்குப்பம், வடிவமைப்பு நிறுவன உரிமையாளர்: நான்கு லைசென்ஸுக்கு ஏழு பேர். மென்பொருளைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறார்கள். மற்றவர்கள் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். தினமும் சண்டை.

சண்டையைத் தீர்க்க ஒரு சிறு கோப்பு போதும் சார். லைசென்ஸ் கோப்பு இருக்கும் அதே இடத்தில், வெண்டர் நிரலின் பெயரோடு ஓபிடி என்ற பின்னொட்டுச் சேர்த்து ஓர் உரைக் கோப்பை உருவாக்குங்கள். அதில் 'டைம்அவுட்ஆல் 1800' என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு வரி. 1800 வினாடி, அதாவது அரை மணி நேரம் தொடாமல் கிடந்தால் லைசென்ஸ் தானாகத் திரும்பிவிடும். ஆட்டோடெஸ்க் மென்பொருள்களில் 900 வினாடிக்குக் கீழே குறைக்க முடியாது.

எழுந்து போகும் முன் சேமிக்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு இதைச் செய்யுங்கள். திரும்பி வரும்போது வேறொருவர் லைசென்ஸை எடுத்திருந்தால், திறந்து கிடந்த படத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

மூத்த பொறியாளருக்கென்று ஒன்றை ஒதுக்கி வைக்க ரிசர்வ் என்ற வரியும் உண்டு. நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர் ஒரு வாரம் விடுப்பில் போனாலும் அந்த லைசென்ஸ் யாருக்கும் கிடைக்காமல் சும்மா கிடக்கும். ஒரு குழு அளவுக்கு மேல் எடுப்பதைத் தடுக்க வேண்டுமானால் மேக்ஸ் என்ற வரி இருக்கிறது, அது நியாயமானது. பயனர் பெயரை எழுதும்போது பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறாமல் எழுதுங்கள்.

கடலூர் முதுநகர்: எங்கள் பொறியாளர் நெய்வேலியில் மூன்று நாள் தளப் பணிக்குப் போகிறார். அங்கே இணையம் சரியாக இருக்காது.

லைசென்ஸைக் கடன் வாங்கும் வசதி உங்கள் மென்பொருளில் இருந்தால், கிளம்பும் முன் அலுவலகத்திலேயே அவருடைய மடிக்கணினியில் நான்கு நாளுக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த நாட்களில் அலுவலகக் கணக்கில் ஒன்று குறையும். முடிவுத் தேதியில் தானாகத் திரும்பிவிடும். எதற்கும் இருக்கட்டும் என்று மாதக்கணக்கில் எடுக்க வேண்டாம். நடுவில் மடிக்கணினி தொலைந்தாலோ ஃபார்மட் ஆனாலோ, அந்தத் தேதி வரும்வரை லைசென்ஸ் மாட்டிக்கொள்ளும்.

லாஸ்பேட்டை, பயிற்சி மையம்: பன்னிரண்டு கணினிகளுக்குக் கேஎம்எஸ் சர்வர் போட்டோம். ஆபிஸ் ஆக்டிவேட் ஆகிறது, விண்டோஸ் ஆகவில்லை. ஏன்?

கேஎம்எஸ் என்பது அலுவலகத்துக்குள்ளேயே மைக்ரோசாஃப்ட் மென்பொருள்களை ஆக்டிவேட் செய்யும் சர்வர். உங்கள் சர்வர் சரியாகத்தான் இருக்கிறது, எண்ணிக்கைதான் போதவில்லை. ஆபிஸுக்கு ஐந்து கணினிகள் கேட்டால் போதும், கேஎம்எஸ் பதில் சொல்லும். விண்டோஸ் 10, 11 போன்றவற்றுக்கு இருபத்தைந்து கணினிகள் கேட்டாக வேண்டும். பன்னிரண்டு பேர் இருக்கும் இடத்துக்கு எம்ஏகே எனப்படும் பல்கணினிச் சாவிதான் பொருத்தம் (மேலே சொன்ன மேக் முகவரி வேறு). ஒரு முறை போட்டால் முடிந்தது. கேஎம்எஸ் போல 180 நாளுக்குள் சர்வரைத் திரும்பப் பார்க்க வேண்டியதில்லை.

மேட்டுப்பாளையம், தொழிற்சாலை: ரிமோட் டெஸ்க்டாப் சர்வர் நான்கு மாதம் நன்றாக ஓடியது. திடீரென்று யாரையும் உள்ளே விடவில்லை.

120 நாள் சலுகைக் காலம் முடிந்துவிட்டது. பயனர் கணக்குக்கோ கருவிக் கணக்குக்கோ அணுகல் லைசென்ஸ் வாங்கி, லைசென்ஸ் சர்வரில் ஏற்ற வேண்டும். மூன்று ஷிப்டுக்கு ஒரே கணினியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் கருவிக் கணக்கு மலிவாக முடியும்.

பெயர் வேண்டாம்: எல்லாவற்றையும் 2,000 ரூபாய்க்குத் திறந்துகொடுக்கிறேன் என்று ஒருவர் வருகிறார். சின்ன அலுவலகம்தானே?

அந்த ஆளை உள்ளே விடாதீர்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 63பி பிரிவின்படி, களவு நகல் என்று தெரிந்தே கணினி நிரலைப் பயன்படுத்துபவருக்கு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். அதைவிட என்னை வருத்துவது வேறு. அவர் முதலில் செய்யும் வேலை வைரஸ் தடுப்பை அணைப்பதுதான். அப்படித் திறந்த ஒரு கணினியின் வழியாக, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் புகுந்து, ஓர் அலுவலகத்தின் ஆறு ஆண்டுக் கணக்கு முழுவதும் போனதை நேரில் பார்த்தேன். காசு இல்லை என்றால் லிப்ரேஆபிஸ் இருக்கிறது, இருபரிமாண வரைபடத்துக்கு லிப்ரேகேட் இருக்கிறது. நிறுவ நானே வந்து உதவுகிறேன், அதற்குக் கட்டணம் வேண்டாம்.

நெல்லித்தோப்பு: தலைமை அலுவலகம் இங்கே, கிளை கடலூரில். ஒரே லைசென்ஸ் சர்வரை இரண்டு இடத்திலும் பயன்படுத்த முடியுமா?

தொழில்நுட்பப்படி முடியும். லைசென்ஸ் கேட்டுப் பெறுவதற்குச் செலவாகும் டேட்டா மிகவும் குறைவு. ஆனால் முதலில் ஒப்பந்தத்தைப் படியுங்கள். ஒரே வளாகத்துக்கு மட்டும் என்று சில லைசென்ஸ்களில் எழுதியிருக்கும். டேலி கோல்டும் ஓர் இடத்து நெட்வொர்க்குக்கானதுதான்.

ஒப்பந்தம் இடம் கொடுத்தால் இரண்டு ரவுட்டர்களுக்கும் இடையே விபிஎன் (இணையத்துக்குள்ளேயே ஒரு தனிப் பாதை) போடுங்கள். 27000 போர்ட்டை இணையத்தை நோக்கி நேராகத் திறப்பது தெருவாசலைத் திறந்து போட்டுத் தூங்குவதற்குச் சமம். கடலூர்க் கணினிகளில் சர்வரின் பெயர் தெரியாமல் போகலாம். அப்போது அந்தக் கணினிகளின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் சர்வரின் உள் ஐபி எண்ணையும் அதன் பின் பெயரையும் ஒரே வரியில் எழுதுங்கள். அதன் பிறகும் லைசென்ஸ் வரவில்லை என்றால் சர்வரை அணைத்துப் போடாதீர்கள். லைசென்ஸ் சர்வரின் பதிவுக் கோப்பை (லாக்) திறந்து கடைசி இருபது வரிகளைப் பாருங்கள். டினைட் (மறுக்கப்பட்டது) என்று இருந்தால் கோரிக்கை வந்து சேர்ந்திருக்கிறது, பெரும்பாலும் லைசென்ஸ்தான் காலி. கடலூர்க் கணினியின் பெயரே அங்கே இல்லை என்றால் கோரிக்கை வழியிலேயே நிற்கிறது, விபிஎன்னைப் பாருங்கள். எது என்று எழுதி அனுப்புங்கள், அடுத்த படியைச் சொல்கிறேன்.