குறை சொன்னது நிரலையா, என்னையா?

கேள்வி: சேலத்தில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு வியாபாரிகளுக்காக நான் எழுதிய பில் போடும் நிரலை ரிவ்யூ செய்த, அதாவது படித்துச் சரிபார்த்த, சீனியர், "பணத்தை யாராவது ஃப்ளோட்டில் வைப்பார்களா? அடிப்படையே தெரியவில்லை" என்று குழுவினர் அனைவரும் பார்க்கும்படி எழுதிவிட்டார். அதன்பின் ஒரு வரி எழுதவும் மனம் ஓடவில்லை. என்ன செய்வது?

– வாசகி, சூரமங்கலம், சேலம்.

பதில்: அவர் எழுதிய இரண்டு வாக்கியங்களில் முதலாவதில் விஷயம் இருக்கிறது; இரண்டாவதில் கோபம் மட்டுமே இருக்கிறது. ஃப்ளோட் என்பது புள்ளி வைத்த எண்களைக் கணினி சேமிக்கும் ஒரு வகை; அதில் எண்களை இரும முறையில், அதாவது 0, 1 என்ற இரண்டே இலக்கங்களால் வைப்பதால் பத்தில் ஒரு பங்கைத் துல்லியமாகக் குறிக்க முடிவதில்லை, 0.1-ஐயும் 0.2-ஐயும் ஃப்ளோட்டில் கூட்டினால் 0.30000000000000004 என்று வருவது அதனால்தான். ஒற்றை பில்லில் இது கண்ணில் படாது. ஏராளமான பில்களைச் சேர்த்துக் கூட்டும்போது சில பைசா உதைக்கலாம், அப்போது கடைக்காரர் உங்கள் நிறுவனத்தைத்தான் கூப்பிடுவார். ஆகவே தொகையைப் பைசாவிலும் எடையை மில்லிகிராமிலும் முழு எண்ணாக வைத்து, அச்சிடும்போது மட்டும் ரூபாயாகவும் கிராமாகவும் மாற்றுங்கள். ரிவ்யூவில், "பைசாவுக்கு மாற்றிவிட்டேன், அதற்கான டெஸ்டும் சேர்த்திருக்கிறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தொனியைப் பற்றி அங்கே வாதாட வேண்டாம். அவரைத் தனியாகப் பார்த்து, "சார், பிழையைக் காட்டியது உதவியாக இருந்தது, எல்லோர் முன்னிலையிலும் அடிப்படை தெரியாதவள் என்றது வருத்தமாக இருந்தது" என்று நேரடியாகச் சொல்லிவிடுங்கள். திறமைசாலி திட்டினால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பார் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. காரசாரமான மடல்களுக்குப் பேர்போன லினக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2018 செப்டம்பரில் அதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

ரிவ்யூவில் வரும் குறைகளை எண்ணி அப்ரைசலில் கழிப்பார்களானால் அது வேறு வழக்கு, மேலாளரிடமே பேச வேண்டியது. 1976-இல் நிரல் ஆய்வுக்கு முறை வகுத்த ஐபிஎம்மின் மைக்கேல் ஃபேகன், அதன் முடிவுகளை ஊழியரை எடைபோடப் பயன்படுத்தக் கூடாது என்று அன்றே எழுதினார்.

அடுத்த முறை, முழு நிரலையும் ஒரே மூட்டையாக அனுப்பாமல், ஒரு வேலைக்கு ஒரு மாற்றம் என்று பிரித்து, ஏன் அப்படி எழுதினீர்கள் என்பதையும் இரண்டு வரியில் சேர்த்து ரிவ்யூவுக்கு அனுப்புங்கள்.