நீலமாகிப்போன மரங்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். இடைக்கால ஐரோப்பிய ஓவியங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அக்காலத்துச் சித்திரத் திரைச்சீலைகளின் படங்களைத் தேடிப் பார்த்தேன். பலவற்றில் மரமும் புல்லும் நீலமாக இருக்கின்றன. அது அவர்களுடைய கற்பனையா, பச்சைச் சாயமே அவர்களிடம் இல்லையா? திரைப்படங்களில் அக்காலத்து மக்கள் எல்லோரும் மண் நிறத்திலேயே உடுத்தியிருப்பதைப் பார்த்து, தாவரச் சாயம் என்றாலே மங்கல்தான் என்று நினைத்திருந்தேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இயற்கைச் சாயம் என்று சொன்ன ஒரு கடையில் பச்சைக் கைத்தறிச் சேலை வாங்கினேன். இப்போது மடிப்பு ஓரங்களெல்லாம் நீலம் பாரித்துவிட்டன. ஏமாந்துவிட்டேனா?

க.,
ஈரோடு

அன்புள்ள க. அவர்களுக்கு,

உங்கள் சேலைக்கு நேர்ந்ததுதான் அந்த மரங்களுக்கும் நேர்ந்திருக்கிறது. நெய்து இறக்கிய அன்று அவை பச்சைப் பசேலென்றுதான் இருந்தன.

இலையில் அத்தனை பச்சை இருக்கிறதே, அதைப் பிழிந்து நூலில் ஏற்றினால் என்ன என்று யாருக்கும் தோன்றும். ஏற்றலாம், நிற்காது. அதனால் ஐரோப்பியச் சாயக்காரர்கள் பச்சையை இரண்டு தோய்ப்பில் செய்தார்கள். முதலில் ‘வோட்’ என்ற செடியின் நீலம், அதன்மேல் ‘வெல்ட்’ என்ற செடியின் மஞ்சள். இங்கிலாந்தின் ராபின் ஹூட் கதைகளில் வரும் லிங்கன் நகரத்துப் பச்சை இப்படிப் பிறந்ததுதான். ஐரோப்பாவின் மஞ்சள்களில் தாக்குப்பிடிக்கக்கூடியது வெல்ட். ஆனாலும் ஐந்நூறு ஆண்டு சன்னல் வெளிச்சத்தை அதனால் தாங்க முடியவில்லை. அது போய்விட்டது, கீழே இருந்த நீலம் நின்றுவிட்டது. நீங்கள் பார்த்த நீல மரங்கள் இவைதான்.

நியூயார்க்கின் கிளாய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தில், 1500ஆம் ஆண்டையொட்டி நெய்யப்பட்ட ஏழு ஒற்றைக்கொம்புக் குதிரைத் திரைச்சீலைகள் இருக்கின்றன. 1998இல் அவற்றைச் சுத்தம் செய்வதற்காகப் பின்புற உள்துணியைப் பிரித்தார்கள். வெளிச்சமே படாத அந்தப் பின்பக்கத்தில் நிறங்கள் நேற்று முக்கி எடுத்தவை போல இருந்தன. அத்தனை வண்ணமும் மூன்றே செடிகளிலிருந்து வந்தவை: வோட், வெல்ட், மேடர். மேடர் நம் மஞ்சிட்டியின் நெருங்கிய உறவு, அதன் வேர் சிவப்பைத் தரும். நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய 1066ஆம் ஆண்டுப் போரைச் சொல்லும், ஏறக்குறைய 70 மீட்டர் நீளமுள்ள பாயோ சித்திரத் தையலிலும் அடிப்படை இவைதான். மூன்று செடியை வைத்துக்கொண்டு இவ்வளவு செய்தவர்களைத் திரைப்படங்கள் சேற்று நிறத்தில் நடமாட விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

சாயமே ஏற்றாத சாம்பல், பழுப்புக் கம்பளியை ஏழைகள் உடுத்தியதும் உண்மைதான். ஆனால் லண்டனில் தேம்ஸ் கரையின் பழைய குப்பை மண்ணில் கிடைத்த 14ஆம் நூற்றாண்டுக் கம்பளித் துண்டுகளைப் பாருங்கள். கண்ணுக்கு எல்லாம் ஒரே பழுப்பு, மண்ணில் கிடந்ததால் ஏறிய பழுப்பு. ஆய்வுக்கூடத்தில் சோதித்தால் ஒன்றன்பின் ஒன்றாக மேடரின் தடம் தெரிகிறது. நிறம் எளியவர்களிடமும் இருந்தது. தொட்டி புதிதாக இருக்கும்போது தோய்த்த துணி ஆழ்ந்த நிறம் பெறும், சாரம் இறங்கிய தொட்டியில் தோய்த்தது வெளிறித்தான் வரும். விலையும் அதற்கேற்றபடிதான். செல்வரையும் எளியவரையும் பிரித்தது அந்த ஆழம். அதைவிட முக்கியமாக, நம் ஊர்ப் பெண்கள் இன்றும் கடையில் கேட்கிறார்களே, “சாயம் நிற்குமா?” என்று, அந்தக் கேள்வி.

வோட் சாயத்தை எப்படி எடுத்தார்கள் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். இலையைப் பறித்து ஆலையில் கூழாக அரைத்து, கையால் உருண்டை பிடித்து, வாரக்கணக்கில் காய வைப்பார்கள். பிறகு உருண்டைகளை உடைத்து, நனைத்து, குவித்துப் புளிக்க விடுவார்கள். அந்த நாற்றம் பொறுக்க முடியாதது. இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் 1585இல் தன் அரண்மனைகளை ஒட்டி வோட் பயிரிடக்கூடாது என்று ஆணையிட்டதற்கு அதுவும் ஒரு காரணம். புளித்த பொருளைத் தவிட்டோடும் சாம்பல் காரத்தோடும் வெந்நீர்த் தொட்டியில் மறுபடி நொதிக்க வைத்து, அதில் துணியை முக்குவார்கள். தொட்டியிலிருந்து எடுக்கும்போது துணி மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும். அவுரித் தொட்டியருகே நின்றவர்களுக்கு இது புதிதாக இருக்காது, ஏனென்றால் இரண்டு செடியிலும் நீலம் தரும் பொருள் ஒன்றுதான். வோட் செடியால் தெற்குப் பிரான்சின் துலூஸ் நகரமே செழித்தது. பியர் தசெசா என்ற வோட் வணிகர் 1555இல் அங்கே கட்டத் தொடங்கிய மாளிகை இன்றும் நிற்கிறது.

நீலத்துக்குத் துணை தேவையில்லை. மேடரும் வெல்டும் அப்படியல்ல. படிகாரம் இல்லாமல் அவை கறையாக ஒட்டும், துவைத்தால் ஓடிவிடும். முடிதிருத்தும் கடையில் சவரத்துக்குப் பின் கன்னத்தில் தடவுகிறார்களே, அந்தப் படிகாரம்தான். நூலையும் சாயத்தையும் பிணைப்பது அது. நல்ல படிகாரம் சிறிய ஆசியாவிலிருந்து, அதாவது இன்றைய துருக்கியிலிருந்து, வந்துகொண்டிருந்தது. 1455இல் அங்கிருந்த ஃபொசியா சுரங்கங்கள் இத்தாலியின் ஜெனோவாக்காரர்களின் கையைவிட்டு உஸ்மானியத் துருக்கியரிடம் போயின. ஐரோப்பாவின் நெசவு நகரங்கள் தவித்துப்போயின.

இந்த இடத்தில் ஜியோவான்னி தா காஸ்ட்ரோ வருகிறார். கான்ஸ்டாண்டிநோபிளில் சாயத்தொழில் நடத்தி, 1453இல் அந்த நகரம் துருக்கியரிடம் வீழ்ந்தபோது எல்லாவற்றையும் இழந்து இத்தாலிக்குத் திரும்பியவர். சில ஆண்டுகள் கழித்து ரோமுக்கு வடமேற்கே தோல்ஃபா மலைகளில் நடந்துகொண்டிருந்தபோது ஒரு செடியைக் கண்டார். ஆசியாவின் படிகார மலைகளில் தான் பார்த்த அதே செடி. அருகில் வெள்ளைக் கற்கள் கிடந்தன. நாவில் வைத்தால் உவர்த்தது. சுட்டுப் பார்த்தார், படிகாரம். திருத்தந்தை இரண்டாம் பயஸிடம் ஓடிச்சென்று, துருக்கியர்மீது உங்களுக்கு வெற்றியைக் கொண்டுவந்திருக்கிறேன் என்று அவர் சொன்னதைத் திருத்தந்தையே எழுதிவைத்திருக்கிறார். வாழ்க்கையைத் தொலைத்துவிட்டு வந்த ஒருவர், பழைய தொழிலின் நினைவிலிருந்து ஒரு செடியை அடையாளம் காண்கிறாரே, இந்தக் காட்சியை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். 1466இல் அந்தப் படிகார வணிகம் ஃபுளோரன்ஸ் நகரில் அதிகாரம் செலுத்திய மெதிச்சி என்ற வங்கிக் குடும்பத்தின் கைக்கு வந்தது. 1472இல் வொல்தெர்ரா நகரத்துப் படிகாரச் சுரங்கத் தகராறு போராகி, ஃபுளோரன்ஸின் படை அந்த நகரைச் சூறையாடியது.

சிவப்பைச் சொல்லாமல் விட முடியாது. மேடர் தருவது செங்கல் சாயல் கொண்ட சிவப்பு. அரசர்களும் கர்தினால்களும் விரும்பிய சிவப்பு, தெற்கு ஐரோப்பாவின் ஒருவகை ஓக் புதரில் ஒட்டி வாழும் ‘கெர்மிஸ்’ என்ற செதில் பூச்சியிலிருந்து வந்தது. நம் கொம்பரக்குப் பூச்சியும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். 15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கெர்மிஸ் ஏற்றிய உயர்ந்த ஸ்கார்லெட் துணி ஒரு முழு நீளத்தின் விலை, ஒரு கொத்தனாரின் ஓராண்டுக் கூலிக்கும் மேல். பிறகு ஸ்பானியர்கள் மெக்சிகோவிலிருந்து கள்ளிச் செடியில் வளரும் கொச்சினீல் பூச்சியைக் கொண்டுவந்தார்கள். ஒரு பவுண்டு சாயப்பொருளுக்குச் சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும். அப்படியும் கெர்மிஸைவிட அதில் சாரம் அதிகம் என்பதால் கெர்மிஸ் மெல்ல மறைந்தது.

மலிவான சிவப்பும் ஒன்று இருந்தது, அதன் வழி நம் கடற்கரையைத் தொடுகிறது. கேரளத்தில் குடிநீரில் போட்டு இளஞ்சிவப்பாக்குகிறார்களே, அந்தப் பதிமுகக் கட்டைதான். கொல்லத்திலிருந்து போன கட்டைக்கு இத்தாலிய வணிகர்களிடம் ஊர்ப் பெயரோடு தனி மதிப்பு இருந்தது. மார்கோ போலோ சுமத்ராவிலிருந்து இந்த மரத்தின் விதையை வெனிஸுக்கு எடுத்துப்போய் விதைத்துப் பார்த்தார். குளிரில் ஒன்றுகூட முளைக்கவில்லை. அவர்கள் இதைப் பிரேசில் கட்டை என்று அழைத்தார்கள். பின்னால் அதே சாயம் தரும் மரங்கள் அடர்ந்த ஒரு புதிய நிலத்தைக் கண்டபோது, மரத்தின் பெயரையே நாட்டுக்கும் வைத்துவிட்டார்கள். இந்தச் சிவப்பு முதல் நாளில் கண்ணைப் பறிக்கும், வெயில் பட்டால் ஓடிவிடும்.

ஒருவருடைய பொய் வெளிப்படும்போது ‘சாயம் வெளுத்துவிட்டது’ என்கிறோம். அக்காலத்தில் அது நேரடியான குற்றம். மெக்சிகோவிலிருந்து வந்த லாக்வுட் கட்டைச் சாயம் நிற்கவில்லை என்று இங்கிலாந்து நாடாளுமன்றம் 1581இல் அதை ஏமாற்றுப் பொருள் என்று சொல்லித் தடைசெய்தது. எனக்கு அதில் குறையில்லை. ஆனால் நம் அவுரிக்கு நடந்தது அநியாயம். வோட் தரும் அதே நீலத்தை அதைவிடப் பல மடங்கு செறிவாகத் தருவது அவுரி. வோட் விவசாயிகளையும் வணிகர்களையும் காப்பாற்ற, அது துணியை அரிக்கும் பேய்ச் சாயம் என்று ஜெர்மன் நாடுகளில் தூற்றினார்கள். 1577இல் அங்கே தடை வந்தது. பிரான்சில் 1609இல் நான்காம் ஹென்றி, அவுரியைப் பயன்படுத்தினால் மரண தண்டனை என்றே ஆணையிட்டார். பயிரைக் காப்பாற்ற விரும்பியதைப் புரிந்துகொள்கிறேன், அதற்காக நல்ல சாயத்தைத் துணியை அரிக்கும் என்று தூற்றியதை ஏற்க முடியவில்லை.

இனி உங்கள் சேலை. நீங்கள் ஏமாந்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நம் ஊரிலும் இயற்கைப் பச்சை என்பது அவுரி நீலத்தின்மேல் ஏற்றிய மஞ்சள்தான். அந்த மஞ்சளுக்கு மாதுளைத் தோல், கடுக்காய், மஞ்சள் கிழங்கு என்று பல வழி உண்டு. கிழங்கு மஞ்சளாக இருந்தால் வெளிச்சத்தில் சீக்கிரம் போகும். அலமாரியில் வெளிப்பக்கம் தெரியும் மடிப்பு ஓரத்தில் முதலில் போகும், உங்களுக்கு நடந்ததும் அதுவாக இருக்கலாம். எந்த மஞ்சள் போட்டார்கள் என்று கடையில் கேளுங்கள். சேலையைத் துணியில் சுற்றி வையுங்கள், நிழலில் உலர்த்துங்கள்.

நீலம் அப்படியே இருப்பதால், இயற்கைச் சாயம் தோய்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, படிகாரம் வைத்து மாதுளைத் தோலில் ஒருமுறை முக்கி எடுக்கச் சொல்லுங்கள். பச்சை திரும்பி வரும். அந்தத் திரைச்சீலை மரங்களுக்கு யாரும் இதைச் செய்ய முடியாது.

அன்புடன்.