மொட்டை மாடி சோலாருக்கு 550 வாட் பெரிய பேனல் நல்லதா, 400 வாட் சின்ன பேனல் நல்லதா?

கடலூரில் சொந்த வீடு, 3 கிலோவாட் போடப் போகிறோம், போட வந்தவர் "550 வாட்தான் லேட்டஸ்ட், சின்னதெல்லாம் பழைய மாடல்" என்கிறார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே வசனத்தை என் வீட்டு மாடியில் நின்றுகொண்டு ஒருவர் என்னிடமும் சொன்னார். உங்கள் கேள்வியில் அதைப் பார்த்ததும் பழைய எரிச்சல் எல்லாம் கிளம்பிவிட்டது, அதனால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பழைய மாடல் கதையை முடித்துவிடுகிறேன். இப்போது வரும் 545 வாட் பேனல் ஏறக்குறைய 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம். 410 வாட் பேனல் 1.72 மீட்டர் நீளம், அகலம் அதே 1.13. இரண்டிலும் இருப்பது அதே 182 மில்லிமீட்டர் செல் (வெயிலைக் கரண்ட்டாக மாற்றும் சின்னத் தகடு), பாதியாக வெட்டிப் பதித்தது. பெரியதில் 144 அரைத்துண்டு, சின்னதில் 108. பரப்பளவைக் கண்டுபிடித்து வாட்டை அதால் வகுத்துப் பாருங்கள், இரண்டுக்குமே சதுர மீட்டருக்கு 210 வாட் பக்கத்தில்தான் வரும். ஒரே மாவில் ஊற்றிய பெரிய தோசை, சின்ன தோசை, அவ்வளவுதான். நிஜமாகவே பழைய மாடல் என்று ஒன்று இருக்கிறது, நீல நிறத்தில் வரும் 335 வாட் பாலி (பல படிகச் சிலிக்கான்) பேனல். அது சதுர மீட்டருக்கு 173 வாட் தேறினால் அதிகம். உங்களிடம் சின்ன பேனல் என்று அதைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 400, 410 வாட் மோனோவை (ஒற்றைப் படிகச் சிலிக்கான்) பழசு என்று சொல்பவருக்கு ஒன்று விஷயம் தெரியவில்லை, இல்லாவிட்டால் குடோனில் 550 மட்டும்தான் இருக்கிறது.

சரி, என் கதை. நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், மஞ்சக்குப்பம் பக்கம் வீடு. 2024 பிப்ரவரியில் வீட்டு மாடி சோலாருக்கு மானியம் தரும் பிரதமர் சூர்ய கர் திட்டம் வந்ததும் போட்டுவிடலாம் என்று முடிவு செய்து, தெரிந்தவர்கள் சொன்ன ஒருவரை வரச் சொன்னேன். வந்தவர் கேட் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "சார் இல்லைங்களா?" சார், அதாவது என் வீட்டுக்காரர், இருக்கிறார், ஆனால் அவருக்கு ஃபியூஸ் கட்டை எது, காலிங் பெல் சுவிட்ச் எது என்றே தெரியாது. மாடிக்கு ஏறிய பிறகும் நான் கேட்கிற கேள்விக்கெல்லாம் அவரைப் பார்த்தே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், அது தனிக் கதை.

எங்கள் மாடியில் நடுவில் ஹெட்ரூம் (மாடிப்படிக்கு மேல் கட்டிய அறை), மேற்கு மூலையில் தண்ணீர்த் தொட்டி. வெயில் ஒழுங்காக விழும் இடம் ஹெட்ரூமுக்குத் தெற்கே உள்ள பட்டைதான், ஏழடி அகலம், முப்பத்துமூன்றடி நீளம். பெரிய பேனல் ஏழரை அடி நீளம், நிற்க வைத்தால் இடிக்கும். படுக்க வைத்தால் ஆறு பேனலுக்கு நாற்பத்தைந்து அடி நீளம் வேண்டும், இரண்டு வரிசையாக அடுக்கினால் மறுபடியும் ஏழரை அடி. எப்படித் திருப்பினாலும் உட்காராது. அதற்கு அவர் சொன்ன வழி, "எட்டடி உயரத்துக்குக் கால் கொடுத்துத் தூக்கிடலாம் சார், கீழே துணி காயப் போடலாம், வடாம் போடலாம்." நிழலில் யார் ஐயா வடாம் காயப் போடுவார்கள்?

அங்கேதான் நான் பிடித்துக்கொண்டேன். நீங்கள் கடலூர் என்கிறீர்கள், 2011 டிசம்பர் 30 காலையை மறந்திருக்க மாட்டீர்கள். தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது மணிக்கு 140 கிலோமீட்டர் வரை காற்று. எங்கள் தெருவில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டெல்லாம் காகிதமாகப் பறந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போனதைப் பார்த்தவர்கள் எட்டடி உயரத்தில் கண்ணாடிப் பலகையை நிறுத்துவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசிப்பார்கள். கட்டடங்களுக்கான காற்று விதி ஐ.எஸ். 875இல் புதுச்சேரிக்குக் கொடுத்திருக்கும் அடிப்படை வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். வேகத்தின் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் அழுத்தம் என்று வரும், இங்கே 1500. நம் பேச்சில் சதுர மீட்டருக்கு நூற்றைம்பது கிலோ. பெரிய பேனல் 2.58 சதுர மீட்டர் என்பதால் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 390 கிலோ, சின்னது 1.95 என்பதால் 300 கிலோ. இரண்டையும் சாதாரணமாகப் பிடித்துக்கொண்டிருப்பது நாலு இடத்தில் கிளாம்ப்தான், அதாவது பேனலைச் சட்டத்தோடு கவ்விப் பிடிக்கும் துண்டு.

இதை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். "மேடம், இதெல்லாம் டெக்னிக்கல், உங்களுக்குப் புரியாது" என்றார். வாழ்நாள் முழுக்கப் பத்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவளிடம்! டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மொத்தப் பரப்பு ஒன்றுதானே, மொத்தக் காற்று விசையும் ஒன்றுதானே என்று இங்கே யாராவது கிளம்புவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், ஆமாம், ஒன்றுதான். நான் பேசுவது ஒரு கிளாம்ப் தாங்க வேண்டிய பங்கையும், பேனல் நிற்கும் உயரத்தையும் பற்றி. பெரிய பேனல் என்றாலே பறந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. பேனல் கம்பெனி தரும் டேட்டா ஷீட்டில் தாங்கும் அழுத்தம் முன்பக்கம் 5400 பாஸ்கல், பின்பக்கம் 2400 பாஸ்கல் என்று போட்டிருக்கும் (பாஸ்கல் என்பது மேலே சொன்ன சதுர மீட்டருக்கு நியூட்டன்தான்). எல்லாரும் 5400ஐக் காட்டி விற்கிறார்கள், புயலில் அடியிலிருந்து தூக்கும் காற்றுக்கு நீங்கள் பார்க்க வேண்டியது 2400ஐ. அதுவும் கம்பெனி கையேட்டில் காட்டிய இடத்தில் கிளாம்ப் மாட்டினால்தான் செல்லும். கைக்கு வந்த இடத்தில் மாட்டிவிட்டுப் போனால் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

அப்புறம் புதுச்சேரியில் ஒரு கடைக்காரர் மூலமாக 400 வாட் பேனல் எட்டு வரவழைத்தோம். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மானியம் வேண்டுமானால் செல், பேனல் இரண்டுமே இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும், அதைத்தான் டிசிஆர் பேனல் என்கிறார்கள். நான் விசாரித்த இடத்திலெல்லாம் டிசிஆர் என்றால் 540, 550தான் உடனே கிடைத்தது, சின்னதற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது, வாட்டுக்கு விலையும் கொஞ்சம் கூட. மானியம் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, ஆக 78,000 தான் உச்சம். நான் போட்டது 3.2 கிலோவாட், அந்த 0.2க்கு ஒன்றும் கிடையாது.

பேனல் நீளம் ஐந்தடி எட்டு அங்குலம் என்பதால் ஏழடிப் பட்டையில் நிற்க வைத்து, கழுவப் போய்வர ஓரடிக்கு மேல் இடம் மிச்சம். மார்கழியில் சூரியன் தெற்கே சாயும்போது கைப்பிடிச் சுவரின் நிழல் விழும் என்பதால் முன்கால் மூன்றடி, சரிவு பத்து டிகிரி. ஜூன், ஜூலையில் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும், அப்போது ஹெட்ரூம் நிழல் காலையிலும் சாயங்காலமும் இரண்டு பேனலின் மேல் ஓரத்தைத் தொடும். பாதியாக வெட்டிய செல் என்பதால் மேல் பாதியில் நிழல் இருந்தாலும் கீழ்ப் பாதி வேலை செய்யும். தூக்குவதும் சுலபம், ஒன்று 22 கிலோதான். பெரியது 28, இரண்டு பக்கமும் கண்ணாடி என்றால் 32 வரை போகும். எங்கள் மாடிப்படித் திருப்பத்தில் அது திரும்பவே திரும்பாது, வெளியே கயிறு கட்டித்தான் ஏற்ற வேண்டும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் வந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை, நமக்குத் தென்பெண்ணை வெள்ளம். பேனலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை வைத்து நான் சொன்னதுதான் சரி என்று மார்தட்ட மாட்டேன், அதில் காற்றைவிடத் தண்ணீர்தான் அதிகம், எதிர்த் தெருவில் இருக்கும் 550களும் அப்படியே நின்றன. தானே புயல் அளவு காற்றை என் பேனல்கள் இன்னும் பார்க்கவில்லை.

பேனலுக்குக் காற்றைவிடப் பெரிய தொல்லை பக்கத்து மனையில் இருக்கிறது. மூன்று மாடி எழுப்புகிறார்கள், இடம் விட்டுக் கட்ட வேண்டும் என்ற பேச்சே கிடையாது, சன்ஷேடு எங்கள் காம்பவுண்டுக்குள் எட்டிப் பார்க்கிறது. கேட்டால் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்கம்மா, வீடு கட்டினா அப்படித்தான்." நாங்களும் வீடு கட்டியவர்கள்தான், யார் பேனலிலும் சிமெண்ட் கொட்டவில்லை. எங்கள் போருக்குப் பக்கத்திலேயே அவர்களும் ஆழமாகப் போர் போட்டார்கள், அதற்குப் பிறகு எங்கள் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. காரணம் அதுதான் என்று நிரூபிக்க முடியுமா என்று கேட்டால் முடியாது, ஆனால் வாயில் வைத்தால் தெரிகிறதே. மனு கொடுத்தாயிற்று, பார்க்கிறோம் என்றார்கள், பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். இதில் உங்களுக்கு வேண்டியது என்னவென்றால் உப்புத் தண்ணீரால் பேனலைக் கழுவாதீர்கள். காய்ந்ததும் வெள்ளைத் திட்டு பிடித்துக்கொள்ளும், பிறகு தேய்த்தாலும் லேசில் போகாது. நான் மழைத் தண்ணீர் பிடித்து வைத்து, வெயில் ஏறுவதற்கு முன் கழுவுகிறேன். உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றவே கூடாது.

உங்கள் மாடி எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. ஹெட்ரூம், தொட்டி எதுவும் குறுக்கே வராமல் அகலமாகத் திறந்து கிடந்தால் 550ஐயே போடுங்கள். ஆறு பேனலில் வேலை முடியும், கிளாம்ப், கனெக்டர், கம்பி எல்லாம் குறையும், செலவும் குறையும். மாடி துண்டு துண்டாக இருந்தால், அல்லது எட்டடிக்குத் தூக்கினால்தான் முடியும் என்றால், காத்திருந்தாவது 400 வாங்குங்கள். ஒரு கிலோவாட் மட்டும் போடுகிற உறவினர்கள் இருந்தால் இதையும் சொல்லுங்கள்: பெரியது இரண்டு போட்டால் 80 வோல்ட் சொச்சம்தான் வரும், பேனல் கரண்ட்டை வீட்டுக் கரண்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டர்களில் பலவற்றுக்கு அது போதாது. ஏற்கெனவே பழைய இன்வெர்ட்டர் இருந்தால் அது எத்தனை ஆம்பியர் வாங்கும் என்று பாருங்கள். சின்ன பேனல் என்றால் கரண்ட்டும் குறைவு என்று நினைக்கிறார்கள், இரண்டிலும் ஒரே செல் என்பதால் இரண்டுமே 13 ஆம்பியர் பக்கம் தள்ளும், பழைய இன்வெர்ட்டர்களில் பல அவ்வளவு எடுத்துக்கொள்ளாது.

நமக்குக் கடல் காற்று இருப்பதால் பெயிண்ட் அடித்த இரும்புப் பைப்பில் ஸ்ட்ரக்சர் போட விடாதீர்கள். சூடாக முக்கி எடுத்த கால்வனைஸ் வேண்டும், போல்ட் ஸ்டெயின்லெஸ். பேனலுக்கு உப்புக்காற்றுச் சோதனை ஐ.இ.சி. 61701 செய்த சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த முதல் ஆளிடம் நான் இதைக் கேட்டபோது அவர் சாரைப் பார்த்துச் சிரித்தார்.

ஃபெஞ்சலுக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, "டீச்சர் வீட்டில் சோலார் இருக்கே" என்று செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆன்கிரிட் சோலார், அதாவது பேட்டரி இல்லாமல் தெரு லைனோடு இணைத்த சோலார் என்றால் லைனில் கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும், கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக. நல்ல வெயில் அடித்தாலும் வராது. பேனல் 400ஆக இருந்தாலும் 550ஆக இருந்தாலும் அதே கதைதான். புயல் நேரத்தில் வெளிச்சம் வேண்டும் என்றால் பேட்டரியோடு சேர்ந்த ஹைபிரிட் இன்வெர்ட்டரை இப்போதே கேட்டுவிடுங்கள், பிறகு மாற்றப் போனால் இன்வெர்ட்டரையே புதிதாக வாங்க வேண்டி வரும்.