ஊசி போடுபவருக்கு ஸ்கேன் எதற்கு?

"அக்குபங்சரோடு ஸ்கேனையும் சேர்த்துக்கொண்டால் பாரம்பரியம் கெட்டுவிடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கொண்டுபோன ஸ்கேன் படத்தை அக்குபங்சர் செய்பவர் யாரோ பிரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பித் தந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். மதுரையில் பதினாறு ஆண்டுகளாக இச்சிகிச்சை செய்துவரும் நானும் முன்பு அப்படித் திருப்பித் தந்தவன்தான்.

செல்லூரில் விசைத்தறி ஓட்டும் அம்மா ஒருவர் கழுத்து வலிக்காக வருவார். நாற்பது கிலோ கூடத் தேறமாட்டார். கழுத்தடிக்கும் தோள் முனைக்கும் நடுவிலுள்ள ஜி.பி. 21 புள்ளியில் அவருக்கு ஊசி போடுவேன். அதற்கு அடியில் நுரையீரலின் உச்சி இருக்கிறது, ஆழம் தவறினால் அதன் உறைக்குள் காற்று புகுந்துவிடும் என்பது நான் படித்த பாடம்தான். ஆனாலும் என் விரலை நம்பியிருந்தேன். ஒரு நாள் ஊசியை எடுத்ததும் அவர் இரண்டு முறை இருமினார். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

மறுநாளே ஸ்கேன் மையம் நடத்தும் மருத்துவ நண்பரிடம் அவரை அழைத்துச் சென்றேன். ஜெல் தடவிக் கருவியை வைத்ததும், தசைக்குக் கீழே ஒரு வெள்ளைக் கோடு மூச்சுக்கு மூச்சு வழுக்கி நகர்வது திரையில் தெரிந்தது. தோலிலிருந்து அந்தக் கோடு வரை 17 மி.மீ.; நான் போட்டுவந்த ஊசியின் நீளம் 25 மி.மீ. நோயாளியின் கட்டைவிரல் அகலத்தை ஒரு 'சுன்' என்ற அலகாகக் கொள்ளும் நம் அக்குபங்சர் அளவு, புள்ளி தோலில் எங்கே என்று அவரவர் உடலுக்கேற்பச் சொல்லிவிடும். அடியில் எவ்வளவு சதை இருக்கிறது என்று சொல்லாது. இப்போது அவ்விடத்தில் தசையைக் கிள்ளித் தூக்கிப் பிடித்து, 13 மி.மீ. ஊசியைச் சாய்வாகவே போடுகிறேன்.

நாடி பார்க்கத் தெரியாதவன்தான் படம் கேட்பான் என்று என் துறையினரே சொல்வார்கள். இன்றும் நான் முதலில் தொடுவது நாடியைத்தான். அக்குபங்சரைப் படம் நிரூபித்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. கால் சுண்டுவிரல் புள்ளியைத் தூண்டினால் மூளையின் பார்வைப் பகுதி இயங்குகிறது என்று எம்.ஆர்.ஐ. படங்களோடு 1998இல் வெளியான ஆய்வின் முடிவை, அதை எழுதியவர்களில் பெரும்பாலோர் 2006இல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஊசிமுனைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு மட்டுமே எனக்குப் படம் வேண்டும்.

அந்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவியை என் அறையில் வைத்துக்கொள்ளக் கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் இடம்தராது. பெண் சிசுக்கொலையால் ஒரு காலத்தில் பேசப்பட்ட உசிலம்பட்டிப் பக்கத்தில் பிறந்த எனக்கு அச்சட்டத்தின் தேவையை யாரும் விளக்க வேண்டியதில்லை. என் வருத்தமெல்லாம் ஸ்கேன் அறிக்கைகளைப் பற்றியதுதான்: தசையில் வீக்கம், நரம்பில் அழுத்தம் என்று பக்கம் பக்கமாக எழுதுபவர்கள், எனக்குத் தேவையான ஒற்றை அளவைத் தருவதில்லை. அதனால் ஒல்லியானவர்களை அனுப்பும்போதெல்லாம் சீட்டில் நானே எழுதிவிடுகிறேன்: "தோலிலிருந்து நுரையீரல் உறை வரை எத்தனை மி.மீ. என்று தயவுசெய்து குறிப்பிடவும்."