டைட்டானியம் டை ஆக்சைடு பூசியும் ரப்பர் ஷீட் வாடை போகவில்லையா?

அண்ணாச்சி, குலசேகரத்தில் ரப்பர் ஷீட் அடுக்கும் அறைச் சுவரில் டைட்டானியம் டை ஆக்சைடு கோட்டிங் அடித்து, எல்இடி பல்பை ராப்பகலாக எரியவிட்டும் வாடை அப்படியே இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கோளாறு பல்பில்தான் தொடங்குகிறது.

இந்த வெள்ளைப் பொடிக்கு மூலப்பொருள் நம்ம மணவாளக்குறிச்சி மணலில் கிடைக்கும் இல்மனைட் என்ற தாது. வினையூக்கியாகப் பயன்படும் அனடேஸ் வகை வேலைசெய்ய, சுமார் 388 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளம் உள்ள ஒளி, அதாவது புற ஊதா, வேண்டும். சாதாரண வெள்ளை எல்இடியில் அது கிட்டத்தட்ட இல்லை. புற ஊதா பட்டால் ஓர் எலெக்ட்ரான் துள்ளி மேலேறும். அது விட்டுப்போன காலியிடம் ஈரத்திலிருந்து ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற, எதனோடும் சட்டென்று வினைபுரியும் துணுக்கை உண்டாக்கும். எலெக்ட்ரான் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும். வாடை தரும் கரிமச் சேர்மங்களை இவை துண்டு துண்டாக உடைத்து, கடைசியில் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீருமாக ஆக்கும். ஆனால் சுவரைத் தொடும் மூலக்கூறுக்கு மட்டும்தான் இந்தக் கதி.

கோட்டிங் சரக்கு நல்லதா என்று பார்க்க, இரண்டு டைல்ஸ் துண்டில் ஒன்றில் மட்டும் அதைப் பூசிக் காயவிடுங்கள். இரண்டிலும் நீல மையை மெல்லிசாகத் தடவி வெயிலில் வையுங்கள். பூசியதில் மை சீக்கிரம் வெளுக்க வேண்டும்.

அதற்காகப் புற ஊதா விளக்கை ஷீட் அடுக்குக்கு மேலே மாட்டிவிடாதீர்கள். ரப்பரும் கரிமப் பொருள்தான், கெட்டுப்போகும், கண்ணுக்கும் ஆகாது. அரைகுறையாகக் காய்ந்த ஷீட்தான் அதிகம் நாறும். முதலில் அதை நன்றாக உலர்த்துங்கள், அப்புறம் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள்.